‘பரவாயில்லை, டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்
இம்மாதம்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோடு வாழ்வோரின் கடிதங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடக்கண் பார்வை மங்கியபோது எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்தது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பொது மருத்துவமனையின் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் வேறொரு டாக்டர் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அசதியையும் கால் மரத்துப்போவதையும் சொன்னால், ‘ஸ்ட்ரெஸ்தான், ஓய்வெடுங்கள்’ என்கிறார்கள். சென்ற தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து போகும்போது அதே கண் ஒரு மணி நேரம் மங்கிப் பிறகு தெளிந்தது. அதைச் சொல்லவே துணிவு வரவில்லை. ‘படித்த டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கலாமா?’ என்று மாமியாரும் கடிந்துகொள்கிறார். நான் எப்படித்தான் பேசுவது?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரிக்கு, தைப்பூசத்தன்று கண் மங்கியதைச் சொல்லத் துணிவு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என் மனத்தை உறுத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் மருத்துவர் அல்லள். பதினாறு ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்பவள்.

நம் நரம்பிழைகளின்மேல் மின்கம்பியின் உறைபோல மயலின் என்றொரு கொழுப்புறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் அந்த உறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் இந்நோய். உறை சிதைந்த நரம்பில் செய்தி தட்டுத்தடுமாறித்தான் போய்ச் சேரும். உடலின் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே அது நடுவழியில் நின்றுவிடக்கூடும். வெயிலிலோ உழைப்பிலோ பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டி, உடல் குளிர்ந்ததும் மறைந்துவிடுவதை வில்ஹெல்ம் ஊட்டாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். காலை வெயிலில், கூட்ட நெரிசலில், சூடேறிய தார்ச்சாலையில் நீங்கள் நடந்திருக்கிறீர்கள். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட அதே கண் மங்கி ஒரு மணி நேரத்தில் தெளிந்திருக்கிறது. படிக்கும்போது எனக்கு இதுவே தோன்றுகிறது. உறுதி சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

இப்படி வந்து மறைவதைப் புதிய தாக்குதலாக மருத்துவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாதபோது, புதிதாக ஒரு தொல்லை தோன்றியோ பழைய தொல்லை முற்றியோ 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நீடித்தால்தான் அதை ‘ரிலாப்ஸ்’ என்பார்கள். இந்த அளவுகோலை நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ‘கால் சரியில்லை, டாக்டர்’ என்பதற்கும், ‘வலக்கால் புதன்கிழமை காலையிலிருந்து கனக்கிறது, இன்று நான்காம் நாள், காய்ச்சல் இல்லை, சிறுநீர் எரிச்சலும் இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டும் கேளாததுபோல் கடந்துபோகும் நரம்பியல் மருத்துவரை நான் இதுவரை கண்டதில்லை. தைப்பூசத்தன்று நடந்தது ரிலாப்ஸ் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், அதைச் சொல்லத்தான் வேண்டும்; நாளை அதே கண் இரண்டு நாள் மங்கியிருந்தால், எது வெயிலால் வந்தது, எது நோயால் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு இந்தப் பதிவு கையில் இருக்கும்.

என் கதையில் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். நோயின் ஐந்தாம் ஆண்டில் என் நடை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. கிளினிக்கில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும்போதெல்லாம், நாம் எல்லாரும் சொல்வதைப் போல ‘போலே தஹான், டாக்டர்’, அதாவது பரவாயில்லை என்றுதான் சொல்லிவந்தேன். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்களே, என் குறையைச் சொல்லி அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம். பின்னால் மருத்துவ அறிக்கை ஒன்று தேவைப்பட்டு என் கோப்பின் நகலைப் பெற்றபோது, தொடர்ந்து மூன்று வருகைகளுக்கும் ‘தியாடா அடுவான்’, அதாவது முறையீடு ஏதுமில்லை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஓராண்டில்தான் நான் கைத்தடியைப் பிடித்தேன். என்னை நடக்கச் சொல்லிப் பார்க்காத மருத்துவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அந்தச் சொற்களுக்குப் பொருள் கொடுத்தது என் ‘பரவாயில்லை’தான். கோப்பில் ஏறாத தொல்லை, அடுத்த முறை உங்களைப் பார்க்கப்போகும் புதிய டாக்டரைப் பொறுத்தவரை நிகழவே இல்லை. மருத்துவர் மாறிக்கொண்டே இருக்கும் உங்களுக்கு அந்தக் கோப்பு ஒன்றுதான் மாறாமல் உடன்வருகிறது. ஆகவே ‘இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர்’ என்று கேட்டுப் பழகுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். தமிழில் நினைத்து மலாயில் சொல்கிறோம். ‘கால் மரத்துப்போச்சு’ என்று நாம் சொல்லும்போது சில நேரம் உணர்ச்சி இல்லை என்பதையும், சில நேரம் கால் தூக்க வரவில்லை என்பதையும் குறிக்கிறோம். அதை ‘கெபாஸ்’ என்று சொன்னால் மருத்துவர் உணர்ச்சிக் குறைவை மட்டுமே எழுதுவார். கால் வலுவிழந்தது கோப்பில் ஏறாது. வலு இல்லையென்றால் ‘லெமாஹ்’ என்றே தனியாகச் சொல்ல வேண்டும். ‘பெனிங்’ என்ற சொல் தலைவலிக்கும் ஆகும், தலைசுற்றலுக்கும் ஆகும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அறையே சுழல்வதைப் ‘பெனிங்’ என்று சொல்லி, இரண்டு மாதம் தலைவலி மாத்திரை சாப்பிட்டார். நம் ‘மயக்கம்’ இன்னும் சிக்கலானது: கிறுகிறுப்பு, கண் இருட்டுதல், நினைவு தப்பி விழுதல் மூன்றையும் அந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆகவே பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்: ‘எழுந்து நின்றால் சுவர் இடப்பக்கமாக ஓடுகிறது, நினைவு தப்பவில்லை.’ தமிழ் தெரிந்த தாதி அங்கே இருந்தால், அவரை உதவிக்கு அழைக்கக் கூச்சப்பட வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; இரண்டு தாளாகிவிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். சென்ற வருகைக்குப்பின் புதிதாக வந்தது என்ன, எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, அதனால் எந்த வேலை கைவிட்டுப்போயிற்று என்பது போதும். கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. ‘ரொம்ப அசதி’ என்றால் எல்லாருக்கும்தான் அசதி என்று தோன்றும். ‘இடியப்ப உரலை என்னால் அழுத்த முடியவில்லை, மகள்தான் பிழிகிறாள், ஃபெர்ரித் துறையின் நடைபாதையை முன்பு நிற்காமல் கடந்தேன், இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன்’ என்றால் அது அளவு. இயன்றால் வீட்டிலேயே ஓர் அளவையும் எடுத்துவையுங்கள். நரம்பியல் கிளினிக்குகளில் 25 அடி தூரத்தை எத்தனை விநாடியில் நடக்கிறோம் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அந்த நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கூடத்திலோ கடைவீட்டு முன்னுள்ள ஐந்தடி நடைபாதையிலோ அந்த 25 அடியை அளந்து கோடு போட்டு, மாதம் ஒருமுறை, அதே காலை வேளையில், கைப்பேசியில் நேரம் பிடித்து எழுதிவைத்தால், உங்கள் ‘பரவாயில்லை’ எவ்வளவு உண்மை என்று அந்த எண்களே சொல்லிவிடும்.

‘ஸ்ட்ரெஸ்தான்’ என்ற பதிலுக்கு வருவோம். இந்நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அசதி உண்டு. நன்றாக உறங்கி எழுந்தும், ஒன்றும் செய்யாமலே உடல் ஓய்ந்துபோகும் அசதி அது. மன அழுத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காரணம் தேடிய பிறகுதான் அந்த முடிவுக்கு வரவேண்டும். கோபப்படாமல், பணிவாக, இப்படிக் கேளுங்கள்: ‘டாக்டர், எதை வைத்து ஸ்ட்ரெஸ் என்று சொல்கிறீர்கள்? வேறு காரணங்களைப் பார்த்தாகிவிட்டதா?’ இரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரைகள் ஆகிய ஒவ்வொன்றும் அசதியைக் கூட்டும். பெரும்பாலானவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கண்டறியலாம், சரிசெய்யவும் செய்யலாம். ‘பார்க்கத் தேவையில்லை’ என்று சொன்னால், அந்தக் காரணத்தையும் கோப்பில் எழுதும்படி கேளுங்கள். எழுத வேண்டும் என்று வரும்போது ஒருவர் மறுபடி யோசிப்பது இயல்பு.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். மருத்துவரிடம் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. கழுத்தெலும்பு அறுவைச் சிகிச்சைக்குப்பின் கைகால் விளங்காமற்போன ஒரு பெண்மணி தொடுத்த வழக்கில், நம் நாட்டுக் கூட்டரசு நீதிமன்றமே 2006 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது: ஒரு சிகிச்சையில் நோயாளி அறிந்திருக்க வேண்டிய ஆபத்தை அவரிடம் எடுத்துச்சொல்வது மருத்துவரின் கடமை. சொல்வது அவர் கடமையானால், கேட்பது எப்படி மரியாதைக் குறைவாகும்? மாமியாரையே ஒருமுறை உடன் அழைத்துப் போங்கள்; நீங்கள் வீட்டில் எப்படி நடக்கிறீர்கள் என்பதை அன்றாடம் பார்ப்பவர் அவர்தான், அவர் வாயால் அது வந்தால் அதற்குத் தனி எடை உண்டு. கிளம்புமுன் இன்னும் ஒன்று: இடையில் ரிலாப்ஸ் வந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்க வேண்டுமா, எந்த எண்ணுக்கு, யாரைக் கேட்டு அழைக்க வேண்டும் என்பதைக் கேட்டு, தவணை அட்டையின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 29. இவ்வாண்டு தொடக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்றார்கள். எட்டு மாதத்தில் இருமுறை ஸ்டீராய்டு ஏற்றியாகிவிட்டது. ‘தொடர் மருந்து இப்போது வேண்டாம், பார்க்கலாம்’ என்கிறார் டாக்டர். வேறு டாக்டரிடம் காட்டினால் இவர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சுகிறோம். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளவும் எண்ணியிருக்கிறோம். மனைவிக்குப் பேச வராது. எல்லாவற்றையும் நானே பேசுகிறேன்.
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எட்டு மாதத்தில் இரண்டு தாக்குதல் வந்தும் ‘பார்க்கலாம்’ என்றால், அதற்குக் காரணம் கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றும் ஸ்டீராய்டு, வந்த தாக்குதலிலிருந்து விரைவாக எழ உதவுகிறதே தவிர, அடுத்தது வராமல் தடுப்பதில்லை. தடுப்பதற்கென்று முதல் மருந்து 1993ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று பத்துக்கும் மேற்பட்டவை உள்ளன, தொடக்கத்திலேயே தொடங்குவது நல்லது என்பதில் நரம்பியலாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆயினும் டாக்டருக்கு நியாயமான ஒரு காரணம் இருக்கவும் கூடும். எம்.எஸ். போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் இருக்கிறது. அக்குவாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான நோயெதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடி அதைப் பிரித்தறியலாம் என்ற வழி 2004இல்தான் பிறந்தது. ஐரோப்பாவைக் காட்டிலும் ஆசியாவில் இந்நோயின் பங்கு கூடுதல். எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் ஆகியவை இந்நோயை மோசமாக்கக்கூடும் என்பதால், பெயரைத் தவறாக வைத்துக்கொண்டு மருந்தைத் தொடங்குவது தொடங்காமலிருப்பதைவிடத் தீங்கானது. எனவே உங்கள் முதல் கேள்வி, ‘அக்குவாபோரின்-4 சோதனையும் மோக் சோதனையும் செய்தாகிவிட்டதா, முடிவு என்ன?’ என்பதாக இருக்கட்டும் (மோக் என்பது இதே போன்ற இன்னொரு நோயைத் தேடும் இரத்தச் சோதனை). இரண்டாவது, ‘எதற்காகக் காத்திருக்கிறோம், எதுவரை?’ என்பது. இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், ஒருவேளை வேறு டாக்டரைத் தேடவே வேண்டியிருக்காது.

தேட வேண்டியிருந்தால் தயங்காதீர்கள். இரண்டாம் கருத்துக் கேட்பது மருத்துவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ‘மனம் தெளிய வேண்டும், ஒரு கடிதம் தாருங்கள்’ என்று முகத்துக்கு நேரே கேட்பதே முறை. கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் நரம்பியல் பிரிவுகள் உண்டு. அங்கே போக உங்கள் ஸ்பெஷலிஸ்ட்டின் பரிந்துரைக் கடிதம் வழியைத் திறக்கும். எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துப்போனால் போதாது. படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். புதிய டாக்டர் தம் கண்ணால் பார்க்க வேண்டியது படத்தை. தனியார் மருத்துவமனைகளைப் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளியின் குறையைக் கேட்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. ஆவணங்களைத் தர இழுத்தடித்தால் அந்தப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். கடும் நோய்க் காப்புறுதி எடுத்திருந்தால் இந்தக் காகிதங்களின் அருமை மேலும் விளங்கும்: பெரும்பாலான பாலிசிகளில் எம்.எஸ். பட்டியலில் இருக்கும், ஆனால் நரம்புக் குறைபாடுகள் ஆறு மாதம் தொடர்ந்து இருந்ததற்கு நரம்பியல் மருத்துவரின் பதிவு கேட்பார்கள்.

குழந்தை ஆசையை மருந்து தேர்ந்தெடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், பின்னால் அல்ல. எம்.எஸ். மருந்துகளில் டெரிஃபுளூனமைடு கருவுக்கு ஆகாது. நிறுத்திய பிறகும் நெடுநாள் உடலில் தங்கும், விரைந்து வெளியேற்றத் தனிச் சிகிச்சை வேண்டும். ஃபிங்கோலிமோடும் கருக்காலத்துக்கு உகந்ததல்ல. நிறுத்தினால் நோய் திரும்பப் பாயவும் கூடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைவதும், பிள்ளை பிறந்த பின் வரும் மூன்று மாதங்களில் கூடுவதும் 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் காட்டப்பட்டவை. ஆகவே பிரசவத்துக்குப்பின் என்ன திட்டம் என்பதையும் இப்போதே பேசுங்கள். எந்த மருந்தைச் சொன்னாலும் ‘தொடங்குமுன் என்ன சோதனை?’ என்று கேளுங்கள். ஆக்ரிலிசுமாப் என்றால் ஹெபடைட்டிஸ் பி பார்க்க வேண்டும். நட்டாலிசுமாப் என்றால் ஜேசி வைரஸ் என்ற கிருமிக்கான இரத்தச் சோதனை வேண்டும். ஃபிங்கோலிமோடின் முதல் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டும்.

ஐயா, கடைசியாக ஒன்று. மனைவிக்குப் பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் கணவர் பேசத் தொடங்கியதும் மருத்துவரின் முகம் கணவர் பக்கம் திரும்பிவிடும். நோயாளி அறையில் இருந்தும் இல்லாதவராகிவிடுவார். கால் எரிகிறதா, குத்துகிறதா, குளிர்கிறதா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். முதல் ஐந்து நிமிடம் அவர் பேசட்டும், திணறினாலும் பேசட்டும்; நீங்கள் தேதிகளையும் மருந்துப் பெயர்களையும் எடுத்துக்கொடுங்கள், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். தாம்பத்தியத்தைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ உங்கள் முன்னிலையில் சொல்ல முடியாதது ஏதாவது இருக்கலாம். சிறிது நேரம் வெளியே போய் நில்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 51. சிறுநீர் அடக்க முடியவில்லை. சில நேரம் வரவும் மாட்டேன் என்கிறது. கிளினிக்கில் இருக்கும் டாக்டர் என் மகள் வயதுப் பெண், எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர். இதை எப்படிச் சொல்வது?
— வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஒரு தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள், ஐயா, வாயால் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆண் மருத்துவர் வேண்டும் என்று பதிவு முகப்பில் கேட்பதும் தவறில்லை, ஆனால் அதற்காக இன்னொரு தவணைவரை தள்ளிப்போடாதீர்கள். தண்டுவடத்தில் நோய் இருப்பவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வரும் தொல்லை. அந்த இளம் டாக்டர் பாடத்திலேயே படித்திருப்பார், கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

அவசரமாகச் சொல்ல வேண்டியதற்குக் காரணம், நீங்கள் எழுதிய இரண்டாவது பாதி. அடக்க முடியாமைக்குத் தரும் மாத்திரைகளில் சில, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதவருக்கு அடைப்பைக் கூட்டிவிடும். எனவே மாத்திரைச் சீட்டு எழுதுமுன், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதை ஸ்கேனில் பார்த்துவிடும்படி கேளுங்கள்; வலியில்லாமல் சில நிமிடத்தில் முடிந்துவிடும். தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் காய்ச்சல் வரும். காய்ச்சலில் பழைய தொல்லைகளெல்லாம் ஒருசேரக் கிளம்பி, பார்ப்பவருக்கு ரிலாப்ஸ் போலவே தெரியும். அப்போது ஸ்டீராய்டு ஏற்ற முனைந்தால், ‘முதலில் சிறுநீரைச் சோதியுங்கள்’ என்று நீங்களே சொல்லுங்கள். தண்ணீர் குடிப்பதை மட்டும் குறைத்துவிடாதீர்கள். முற்றிலும் வராமல் நின்றுவிட்டால் தவணைக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.